மெத்தைத் தலைமாட்டுப் பலகை

மெத்தைத் தலைமாட்டுப் பலகை என்பது கட்டிலின் தலைமாட்டில் சுவரை ஒட்டி நிறுத்தப்படும், நுரையும் துணியும் போர்த்திய பலகை ஆகும். கடைவழக்கில் இது ஹெட்போர்டு எனப்படுகிறது. சாய்ந்து அமர்ந்து படிப்பதற்கும், எண்ணெய் தேய்த்த தலை பட்டுச் சுவர் கறைபடாமல் காப்பதற்கும் இது பயன்படுகிறது. தச்சுவேலையில் சிறிதளவு பழக்கம் உடையவர்கள் இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

வரலாறு

தலைமாட்டுப் பலகை எல்லாக் காலத்துக் கட்டில்களிலும் இருந்ததில்லை. பண்டைய எகிப்தியக் கட்டில்களில் பலகை கால்மாட்டிலேயே அமைந்திருந்தது. இன்று பரவலாகப் பயன்படும் பாலியூரித்தேன் நுரையின் அடிப்படை வேதியியலை செருமானியரான ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் 1937இல் கண்டறிந்தனர். அதற்கு முன்னர் குதிரைமயிர், பஞ்சு முதலியவை திணிக்கப்பட்டன.

அறையும் அளவும்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சிறிய படுக்கையறைகளில் பலகையின் அகலத்தைவிடத் தடிப்பே முதன்மையானது. எடுத்துக்காட்டாக, 10 அடி (305 செ.மீ) நீளமுள்ள அறையில் 198 செ.மீ நீளக் கட்டிலும், அதன் கால்மாட்டுக்கு எதிரே 60 செ.மீ ஆழமுள்ள அலமாரியும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சுவது 47 செ.மீ நடைவழி மட்டுமே. 7.5 செ.மீ தடிப்புள்ள மெத்தைப் பலகையை வைத்தால் ஏறத்தாழ 40 செ.மீ மிஞ்சும். கடைகளில் விற்கப்படும், 25 செ.மீ ஆழத் தட்டுடன் கூடிய தலைமாடு என்றால் 22 செ.மீ மட்டுமே மிஞ்சும். அதில் ஒருவர் நேராக நடக்க இயலாது. வீட்டிலேயே செய்வதற்கு உண்மையான காரணம் செலவு அன்று, இந்தச் சில அங்குலங்களே எனலாம். அலமாரிக்கு நகர்கதவு இல்லையெனில், பலகை செய்யும் முன் அதன் கதவு முழுமையாகத் திறக்குமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

மெத்தையின் மேல்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மெத்தை மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி 60 செ.மீ உயரம் இருந்தால் போதும்.

பொருட்கள்

அடிப்பலகைக்குப் பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை 12 மி.மீ தடிப்பில் போதுமானது. இந்தியாவில் பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகைக்கான தரம் ஐ.எசு. 303 ஆகும். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள ஒரு தாளில் 152 × 60 செ.மீ பலகையை வெட்டிய பின்னும் தொங்கவிடும் பட்டைகளுக்குத் தேவையான துண்டு தாராளமாக மிஞ்சும். பலகையின் எடை ஏறத்தாழ 7 கிலோ.

நுரை 5 செ.மீ தடிப்பும், கன மீட்டருக்கு 32 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட அடர்த்தியும் கொண்டிருத்தல் நன்று. அடர்த்தி குறைந்த நுரை, முதுகு சாயும் இடத்தில் விரைவில் அமுங்கிவிடும்.

துணி வாங்குவதில்தான் பலரும் தவறுகின்றனர். நுரை, பலகை ஆகியவற்றின் தடிப்பையும், பின்புறம் மடிக்க 5 செ.மீட்டரையும் எல்லாப் பக்கமும் சேர்த்தால் 174 × 82 செ.மீ துணி தேவை. அறைகலன் துணிகள் பெரும்பாலும் 137 செ.மீ அகலத்தில் வருவதால், துணியின் நீளவாக்கைப் பலகையின் குறுக்கே கிடத்த வேண்டும். அவ்வாறாயின் 1.8 மீட்டர் போதும். கோடிட்ட துணியில் கோடுகள் திசைமாறும். வெல்வெட்டில் மயிர்ப்போக்கு பக்கவாட்டில் திரும்பும்.

செய்முறை

பலகையின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, நுரையைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். தொடுபசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். சன்னல்களைத் திறந்து வைப்பதுடன், அருகில் அடுப்போ விளக்கோ எரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் துணியைக் கவிழ்த்து விரித்து, பலகையை அதன்மேல் குப்புற வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு தைப்பு அடிக்க வேண்டும். நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறி இழுத்து அடித்துச் செல்வதே முறை. ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் சென்றால் துணி கோணலாகும். மூலைகளைக் கடைசியில் மடிக்க வேண்டும். தைப்பூசி 8 அல்லது 10 மி.மீ நீளம் இருக்கலாம்.

பொத்தான் பதித்த குழிவேலை அழகானது எனினும், குழிகளில் தூசு சேரும். சாலையோரக் குடியிருப்புகளுக்குச் சமதளப் பலகையே ஏற்றது.

சுவரில் பொருத்துதல்

12 மி.மீ ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றை நீளவாக்கில் 45 பாகைச் சரிவில் இரண்டாக அறுத்து, ஒன்றைச் சுவரிலும் மற்றொன்றைப் பலகையின் பின்புறத்திலும் திருகினால், ஒன்றின்மேல் ஒன்று கொளுவி நிற்கும். சுவர்ப்பட்டையின் சரிவு சுவரை நோக்கி இறங்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பிலும் அதே தடிப்புள்ள சிறு பட்டை ஒன்றை வைத்தால்தான் பலகை செங்குத்தாக நிற்கும். பலகையில் முடுக்கும் திருகாணி 20 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது, நீண்டால் நுரைக்குள் புகுந்து முதுகைக் குத்தும்.

மின்பொத்தான் பெட்டிகளுக்கு நேர் மேலும் கீழும் துளையிடக் கூடாது. மறைகம்பிக் குழாய்கள் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன. இலகுரகக் காற்றூட்டிய கற்காரைக் கட்டிகளால் எழுப்பிய சுவருக்குச் சாதாரண நெகிழிச் செருகி பிடிக்காது. அதற்குரிய நீண்ட செருகி தேவை. சுவரில் துளையிட இசைவில்லாத வாடகை வீடுகளில், பலகைக்கு இரு கால்கள் வைத்துக் கட்டிலின் சட்டத்துடன் முடுக்கிவிடலாம்.

இப்பட்டைகளால் சுவருக்கும் பலகைக்கும் இடையே 12 மி.மீ இடைவெளி கிடைக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவராயின் இவ்விடைவெளியே பூஞ்சையைக் குறைக்கும். மேலும் பலகையை எளிதில் தூக்கிக் கழற்ற இயல்வதால், மூட்டைப்பூச்சிகள் தங்கும் பின்மடிப்புகளைச் சோதிக்கவும் முடிகிறது.

தீ இடர்

பாலியூரித்தேன் நுரை விரைவாக எரிந்து, கார்பனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைடும் கலந்த புகையை வெளியிடும். ஐக்கிய இராச்சியத்தில் 1988இல் இயற்றப்பட்ட அறைகலன் தீப்பாதுகாப்பு விதிகள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையும் பெயர் சுட்டி உள்ளடக்கின. சிறிய அறையில் உறங்குபவரின் தலைக்கு அருகிலேயே இந்நுரை இருப்பதால், கொசுவர்த்திச் சுருளையும் ஊதுவத்தியையும் பலகைக்கு அருகில் ஏற்றக்கூடாது. படுக்கைவிளக்கின் குமிழ் துணியைத் தொடாதிருக்க வேண்டும். கைபேசி மின்னேற்றியையும் பலகைக்கும் மெத்தைக்கும் இடையில் செருகி வைக்கக்கூடாது.