வெட்டுவதற்கு முன் அகராதியைப் பாருங்கள்

தரம் 10 பிள்ளை ஒன்று கட்டுரையில் "மீட் அப்" என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் வெட்டினேன். "ஏன் சேர் பிழை?" என்று கேட்டது. என்னிடம் பதிலில்லை.

வரலாற்றைத் தேடினேன். வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இத்தகைய தொடர்கள் வெளிநாட்டவருக்குப் பெரும் சிரமம் என்று 1755இலேயே சாமுவேல் ஜோன்சன் தன் அகராதி முன்னுரையில் எழுதி, அவற்றைக் கவனமாகத் தொகுத்தார். "ஃபிரேசல் வேர்ப்" என்ற பெயரை லோகன் பியர்சல் ஸ்மித் பரப்பியதோ 1925இல்தான். வழக்கு முந்தியது, பெயர் பிந்தியது.

"மீட் அப்" அமெரிக்க வழக்கென்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டது. இன்று அகராதிகளில் இருக்கிறது.

அதற்காக எல்லாம் சரியென்றில்லை. நம்மவர் சொல்லும் "கோப் அப் வித்" பொது ஆங்கிலத்தில் ஏற்கப்படவில்லை. பரீட்சையில் "கோப் வித்" என்றே எழுதுங்கள்.

அந்தப் பிள்ளைக்குப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.