அலாவுதீன் கெசட்டில் மாறிய ஒரு வரி



போன கிழமை தரம் எட்டில் அப்பாசியர் காலத்து பக்தாத் பற்றிப் பாடம் நடந்தது. ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், அந்தக் காலத்தில ஒரு ஆப்பிள் எடுத்தாலே கைய வெட்டுவாங்களாமே?" என்று கேட்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். "படிக்கல்ல டீச்சர், அலாவுதீன் கார்ட்டூன்ல பாத்த." வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்களும் அதை அங்கேதான் முதலில் பார்த்தோம்.

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குவைத்திலிருந்தோ சவூதியிலிருந்தோ சாச்சாமார் லீவில் வந்தால் பெட்டிக்குள் பால்மா, டைகர் பாம், கூடவே இரண்டு மூன்று வீடியோ கெசட். டெக் இருந்த வீட்டில்தான் அன்று பின்னேரம் முழுத் தெருப் பிள்ளைகளும். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் வீடியோ கடைகளில் தமிழ்ப் படங்கள் வாடகைக்குக் கிடைக்கும். கார்ட்டூன் கெசட் அப்படி இல்லை, வீட்டோடு தங்கிவிடும். லைன் விழுந்து, நிறம் மங்கி, பேச்சு இழுபடும் வரை போட்டுப் போட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டில் தேய்ந்து போனது டிஸ்னியின் அலாவுதீன். இங்கிலீஷ் பாதி விளங்காது. ஆனால் பாட்டெல்லாம் பாடம்.

அந்தக் கெசட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்களுக்கே அது தெரிந்தது பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான்.

படம் அமெரிக்காவில் திரைக்கு வந்தது 1992 நவம்பரில். வட அமெரிக்காவில் 20 கோடி டொலரைத் தாண்டி வசூலித்த முதல் கார்ட்டூன் படம் இதுதான். ஆரம்பத்திலேயே ஒட்டகத்தில் வரும் வியாபாரி தன் ஊரைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவான். உங்கள் மூஞ்சி பிடிக்காவிட்டால் காதை அறுக்கிற ஊர் என்று அதில் ஒரு வரி. அடுத்த வரியில் காட்டுமிராண்டித்தனம்தான், என்றாலும் என் வீடு என்ற மாதிரி ஒரு பெருமை வேறு. பாட்டை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் படம் வரும் முன்பே, 1991 மார்ச்சில் காலமாகிவிட்டார்.

எதிர்த்துப் பேசியவர்கள் அமெரிக்காவில் வாழ்ந்த அரபிகள். அரபு அமெரிக்கர்களுக்கு எதிரான பாகுபாட்டை எதிர்க்க 1980இல் முன்னாள் செனட்டர் ஜேம்ஸ் அபுரெஸ்க் தொடங்கிய அமைப்பு முன்னால் நின்றது. எழுதியும் பேசியும் கண்டித்தவர்களில் ஒருவர் வானொலி அறிவிப்பாளர் கேசி காசெம். ஸ்கூபி டூ கார்ட்டூனில் ஷாகிக்குக் குரல் கொடுத்தவர் என்றால் உங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். லெபனானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், ட்ரூஸ் குடும்பம். அபுரெஸ்க் கிறிஸ்தவர். ஹொலிவூட்டில் அரபிகளை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்து எழுதிய ஜாக் ஷஹீனும் லெபனானியக் கிறிஸ்தவக் குடும்பம்தான். எங்களைப் பற்றிச் சொன்ன பேச்சுக்கு யார் எழும்பி நின்றார்கள் என்று பாருங்கள்.

1993 ஜூலையில் டிஸ்னி இறங்கி வந்தது. வீடியோ கெசட் வெளியாகும்போது அந்தக் காது வரியை மாற்றுவதாக ஒத்துக்கொண்டது. 1993 ஒக்டோபர் 1ஆம் திகதி கெசட் கடைக்கு வந்தபோது அந்த இடத்தில் தட்டை நிலத்தையும் கொளுத்தும் வெயிலையும் பற்றிய வரி இருந்தது. காட்டுமிராண்டி என்ற சொல்லில் கை வைக்கவில்லை. டிஸ்னி ஒத்துக்கொண்ட ஜூலை மாதமே நியூயோர்க் டைம்ஸ் ஆசிரியத் தலையங்கத்தில் இதைக் கேலி செய்து எழுதியது.

தியேட்டரில் ஓடி முடிந்த படத்துக்கு இது பிந்திய திருத்தம் என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. தியேட்டரில் பிள்ளை ஒரு தரம் பார்க்கும். கெசட்டை நூறு தரம் பார்க்கும். அந்தக் கெசட் 2 கோடியே 50 லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு படம் ஒரு பிள்ளையின் தலைக்குள் போய்க் குந்துவது வீட்டில்தான். அவர்கள் சண்டை பிடித்தது சரியான இடத்தில். ஆனால் கிடைத்தது ஒரு வரி மட்டும். ஆப்பிளுக்குக் கை வெட்ட வரும் கடைக்காரன் அப்படியே இருந்தான். பசித்த சிறுவனுக்கு ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்த பெண்ணின் கையை அல்லவா பிடிக்கிறான்! பஞ்சம் வந்த ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் களவுக்கான தண்டனையை நிறுத்தி வைத்த சம்பவத்தை அன்று வகுப்பில் சொன்னோம். கேள்வி கேட்ட பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

கடைப் பலகைகளில் அரபு மாதிரிக் கீறியிருப்பது அரபு இல்லை, வெறும் கிறுக்கல். மத்ரஸாவுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நல்லவர்களான அலாவுதீனும் ஜாஸ்மினும் அமெரிக்கர் மாதிரிப் பேச, காவலர்களும் கடைக்காரர்களும் மட்டும் இழுத்து இழுத்துப் பேசுவார்கள்.

இன்னொரு விஷயம். இந்தக் கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் கிடையாது. பிரெஞ்சில் மொழிபெயர்த்த அந்துவான் கலான், 1709இல் பாரிஸில் ஒருவர் சொல்லக் கேட்டுச் சேர்த்தது. சொன்னவர் ஹன்னா தியாப், அலெப்போவைச் சேர்ந்த மரோனைட் கிறிஸ்தவர். கதை நடப்பது பக்தாதில்கூட இல்லை, சீனாவில்! அக்ரபா என்ற ஊரை உண்டாக்கியது டிஸ்னி.

கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு அடுத்ததைச் சொல்வது லேசில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. எங்கள் அயல்வீட்டார் ஜனாஸாக்களுக்கு நடுவில் நின்றார்கள். நாங்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூனிக் குறுகினோம். பிறகு எங்கள் பைகளைக் கிண்டிப் பார்த்தார்கள், முகம் மூடத் தடை வந்தது, மே மாதம் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. அதே மே 24ஆம் திகதிதான் புதிய அலாவுதீன், நடிகர்கள் நடித்தது, அமெரிக்காவில் திரைக்கு வந்தது. அதில் காட்டுமிராண்டி என்ற சொல் போய், குழப்பமான ஊர் என்று வந்திருந்தது. 26 வருடம் எடுத்தது ஒரு சொல்லுக்கு. அந்த மாதம் எங்களில் யாருக்கும் அதைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை.

1992இல் வந்த பாட்டு சீடியில் பழைய வரிதான் இருந்தது. திருட்டுக் கொப்பிகளில் எது இருந்ததோ. எங்கள் வீட்டுக் கெசட் பூஞ்சணம் பிடித்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. காதா வெயிலா, நாங்கள் எதைப் பாடினோம் என்று ராத்தாவுக்கும் எங்களுக்கும் இன்னும் வாக்குவாதம். யார் வீட்டு அலுமாரியிலாவது அந்தக் கெசட்டும் ஓடக்கூடிய ஒரு டெக்கும் இருந்தால், முதல் ஐந்து நிமிடத்தைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.