ரைன் நதியும் சுங்கக் கோட்டைகளும்

வரலாறு கற்கும் மாணவர்கள் அரசர்களின் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் நெஞ்சில் இருத்திக்கொள்கின்றனர். நதிகளுக்கும் வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர் ஓடி, வடகடலில் கலக்கும் ரைன் நதியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஜெர்மனியில் ரூடஸ்ஹைம் என்னும் ஊரிலிருந்து கோப்லென்ஸ் நகரம்வரை அந்நதியில் ஒரு நாள் கப்பலில் சென்றேன். இருபுறமும் செங்குத்தான மலைச்சரிவுகள். சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். சிறிது தூரத்திற்கு ஒரு கோட்டை. இத்துணைக் கோட்டைகள் இங்கு எழுந்தது ஏன்? பகைவரைத் தடுக்க அவை பயன்பட்டது உண்மையே. ஆயினும் அவற்றுள் பல, படகுகளை நிறுத்திச் சுங்கம் வாங்குவதற்கென்றே கட்டப்பட்டவை.

ஆதியில் சுங்கம் விதிக்கும் உரிமை பேரரசருக்கே இருந்தது. பேரரசின் வலி குன்றியதும், கரையில் ஆண்ட பிரபுக்களும் பேராயர்களும் தத்தம் எல்லையில் தாமே சுங்கம் தண்டலாயினர். மதுப் பீப்பாய் ஏற்றிய படகு, சந்தையை அடையுமுன் துறைதோறும் நின்று பணம் கட்ட நேர்ந்தது.

பிங்கென் நகருக்கருகே ஆற்றிடைத் தீவில் ‘எலிக் கோபுரம்’ நிற்கிறது. பஞ்ச காலத்தில் ஏழைகளைக் களஞ்சியத்தில் அடைத்துத் தீயிட்ட பேராயர் ஒருவரை எலிகள் இங்கே தின்றன என்பது மக்கள் கதை. சுங்கத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்லே எலியைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்தது என்பாரும் உளர். கதையை வரலாறாகக் கொள்ள இயலாது; எனினும், ஆண்டவர்கள்மீது மக்கள் கொண்ட மனக்கசப்பை அதிலிருந்து உணரலாம்.

கவுப் என்னும் ஊரின் எதிரே, நீர் நடுவில், நங்கூரமிட்ட கப்பல்போல ஒரு கோட்டை தோன்றியது. 1326, 1327ஆம் ஆண்டுகளில் பவேரிய மன்னர் லுட்விக் கட்டத் தொடங்கிய சுங்கக் கோட்டை அது. ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டிப் படகுகளை நிறுத்தினர். 1813ஆம் ஆண்டின் கடைசி இரவில், நெப்போலியனை எதிர்த்துச் சென்ற பிரஷ்யத் தளபதி பிளூக்கர் தம் படையுடன் நதியைக் கடக்கத் தொடங்கியதும் இவ்விடத்திலேதான்.

அப்பால், 132 மீட்டர் உயரமுள்ள லோரெலை என்னும் பாறை. அதன் அடியில் நதி குறுகி வளைகிறது. பாடி மயக்கும் மங்கை ஒருத்தி அங்கே படகுகளைக் கவிழ்த்தாள் என்னும் கதை, 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களால் புகழ் பெற்றது. உண்மையில் கவிழ்த்தவை நீருள் மறைந்த பாறைகளே.

அதனை அடுத்து ரைன்ஃபெல்ஸ் கோட்டையின் சிதைவுகளைக் கண்டேன். சுங்கக் கொடுமை பொறாத வணிக நகரங்கள் 1254இல் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன. மறு ஆண்டு இக்கோட்டையை முற்றுகையிட்டு, ஓராண்டுக்கு மேல் போராடியும் வெல்ல முடியாமல் திரும்பின.

முற்றுகையால் முடியாததை முடித்தது எது? 1815இல் வியன்னா மாநாடு, நதியில் கப்பல்கள் தடையின்றிச் செல்ல வேண்டும் என்னும் கொள்கையை ஏற்றது. மறு ஆண்டு கரைநாடுகளின் ஆணையம் மைன்ஸ் நகரில் கூடிற்று. 1868இல் மான்ஹைம் உடன்படிக்கை, கப்பல் செல்வதற்காக வரி வாங்குவதையே விலக்கியது. அந்த நாடுகள் பின்னர் ஒன்றோடொன்று கொடிய போர்கள் புரிந்தன. ஆணையத்தின் பணியும் தடைப்பட்டது. ஆயினும் போர் ஓய்ந்தபின் அது மீண்டும் கூடிற்று. திருத்தங்களுடன் அவ்வுடன்படிக்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

கரையில் வெண்பலகைகளில் எண்கள் எழுதியிருந்தன. கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்திலிருந்து கிலோமீட்டர்களை எண்ணும் கணக்கு அது. கடல்வரை அதே கணக்குத்தான். நாட்டின் எல்லை வந்தாலும் எண் புதிதாகத் தொடங்குவதில்லை.

மோசெல் ஆறு ரைனில் கலக்கும் கோப்லென்ஸில், 1897இல் நிறுவிய பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் சிலை உயர்ந்து நிற்கிறது. 1945இல் போரில் சிதைந்து, 1993இல் மீண்டும் எழுந்தது அது. யாவரும் அதனைப் படமெடுத்தனர். சுங்கம் கட்ட எங்கும் நிற்காமல் அதன் எதிரே நிலக்கரிப் படகொன்று சென்றுகொண்டிருந்தது. மாணவ நண்பர்களே, ஐரோப்பிய வரலாற்றில் போர்களின் ஆண்டுகளைப் படிக்கும்போது 1868ஐயும் சேர்த்துப் படியுங்கள்.