ஓக் கொட்டையும் ஒரு கடற்படைத் தளபதியும்

ஓக் மரத்தின் கொட்டையை ஆங்கிலத்தில் ஏகார்ன் என்பார்கள். கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். ஆனால் பிரிட்டனின் வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் உண்டு. காரணம், கப்பல்!

1765-ல் கடலில் இறக்கப்பட்ட 'விக்டரி' என்ற போர்க்கப்பலைக் கட்ட சுமார் 6,000 மரங்கள் வெட்டப்பட்டன. பெரும்பாலானவை ஓக். ஓக் மரம் கப்பலுக்கு ஏற்றபடி முற்ற 100 ஆண்டுகளாவது ஆகும். வெட்டுகிற வேகத்துக்கு மரம் வளருமா? இந்தக் கவலை அவர்களுக்கு முன்பே இருந்தது. 1664-லேயே ஜான் ஈவ்லின் என்பவர் 'சில்வா' என்ற நூலை எழுதி, நிலம் உள்ளவர்கள் மரம் வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

1805 டிரஃபால்கர் போரில் நெல்சனுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் தளபதி காலிங்வுட். ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பை நிறைய ஓக் கொட்டைகளோடு நடக்கப் போவாராம். காலி இடம் கண்டால் ஒன்றை ஊன்றிவிடுவாராம். எதிர்காலக் கடற்படைக்கு மரம் வேண்டுமே! 1810-ல் அவர் கடலிலேயே இறந்தார். 1860-ல் 'வாரியர்' என்ற இரும்புப் போர்க்கப்பல் வந்தது. அவர் ஊன்றிய கன்றுகள் முற்றுவதற்குள் மரக்கப்பலின் காலமே முடிந்துவிட்டது.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை. பிரிட்டனில் சுமார் 2,300 வகை உயிரினங்கள் ஏதோ ஒரு விதத்தில் ஓக் மரத்தைச் சார்ந்திருக்கின்றன. இன்று அங்கே கொட்டை பொறுக்குவது கப்பலுக்காக அல்ல, காட்டுக்காக.

அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஓக் இலைகளைத் தின்று தீர்க்கும் ஒருவகை அந்துப்பூச்சி 2006-ல் லண்டனில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ஓக் கன்றுகளோடு அது வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனவே உள்ளூர் மரத்தின் விதையிலிருந்து கன்று வளர்ப்பதே பாதுகாப்பு. நிலத்துக்காரரின் அனுமதி வாங்க வேண்டும். ஒரே மரத்தில் அள்ளாமல் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கன்றுகளில் மரபு வேறுபாடு இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதப்பவை பெரும்பாலும் பூச்சி அரித்தவை, மூழ்குபவையே நல்லவை. நெல் மாதிரி உலர்த்திச் சேமிக்க முடியாது, காய்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே சீக்கிரம் ஊன்ற வேண்டும்.

முக்கியமாக, எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. ஜே என்ற பறவை குளிர்காலத்துக்காக ஆயிரக்கணக்கில் ஓக் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கிறது. அது எடுக்காமல் விட்டவை முளைத்து மரமாகின்றன. மனிதன் நடத் தொடங்குவதற்கு முன்பே ஓக் காடுகளைப் பரப்பியது இப்படிப்பட்ட பறவைகளும் அணில்களும்தான். அவற்றின் பங்கை நாமே அள்ளிக்கொண்டு போய்க் காடு வளர்க்கிறோம் என்று சொன்னால் அதில் என்ன நியாயம்?