வாழப்பாடி வட்டாரத்தில் மரவள்ளியும் வறட்சியும்

வாழப்பாடி, சேலம் நகரிலிருந்து கிழக்கே ஆத்தூர் செல்லும் சாலையில் சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். மரவள்ளி, பாக்கு, தென்னை, மக்காச்சோளம், பருத்தி ஆகியவை இவ்வட்டாரத்தின் முக்கியப் பயிர்கள். இவற்றுள் மரவள்ளியின் வரலாறு தனியே கூறத்தக்கது. வறட்சியைத் தாங்கும் பயிர் என்று நம்பி உழவர்கள் கைக்கொண்ட இக்கிழங்கை, வறண்ட காலத்தில் மட்டுமே பெருகும் ஒரு பூச்சி 2020-க்குப் பின் தாக்கியது. பருவநிலை மாறும்போது உழவர்கள் தேடிக்கொள்ளும் பாதுகாப்பு எவ்வளவு உறுதியானது என்பதை இவ்வட்டார நிகழ்வுகள் காட்டுகின்றன.

மழையும் நீரும்

வாழப்பாடி சமவெளி அருநூற்றுமலை, கல்வராயன்மலை முதலிய மலைகளை ஒட்டிக் கிடக்கிறது. அம்மலைகளில் பெய்யும் மழையே வசிட்ட நதியாகி, ஆத்தூர் வழியே ஓடி, சுவேத நதியுடன் கலந்து வெள்ளாறாகப் பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றில் மணலே காணப்படும். புழுதிக்குட்டையில் உள்ள ஆனைமடுவு அணை 67 அடி உயரமுடையது. மலையில் மழை இல்லையெனில் அதிலும் நீர் இல்லை. காவிரிச் சிக்கலின்போது 1991-இல் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்த வாழப்பாடி கூ. இராமமூர்த்தியின் பெயரோடு இவ்வூர் தமிழகமெங்கும் அறியப்பட்டது. ஆயினும் இங்குள்ள வயல்களுக்குக் காவிரிப் பாசனம் கிடையாது. இவை வெள்ளாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை.

மழை பொய்த்தால் என்ன நேரும் என்பதை இப்பகுதி கொடிய முறையில் அறிந்தது தாது வருடப் பஞ்சத்தில். 1876–78 ஆண்டுகளில் நிகழ்ந்த அப்பஞ்சத்திற்கு முன், 1871 கணக்கெடுப்பில், அன்றைய சேலம் மாவட்ட மக்கள் தொகை ஏறத்தாழ 19.7 இலட்சம். 1881-இல் அது 16 இலட்சமாகக் குறைந்திருந்தது. கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை ஆகிய புன்செய்த் தானியங்களைக் கலந்து விதைப்பதே அக்காலத்து உழவரின் காப்பு. ஒன்று கருகினாலும் மற்றொன்று மிஞ்சும். மழையே இல்லாத ஆண்டுகளில் எதுவும் மிஞ்சவில்லை.

இங்கு நிலத்தடியில் இருப்பது கடும்பாறை. பாறை வெடிப்புகளிலும் அதன் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் தங்கும் நீரே கிணற்று நீர். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், ஒரு நாளில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்கு மாட்டின் வலிமையே வரம்பாக இருந்தது. ஆயில் என்ஜினும் மின் மோட்டாரும் அந்த வரம்பை நீக்கின. 1990-இல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது; ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அதே நீரை நம்பிப் பாக்கும் தென்னையும் பரவின. இன்று ஆயிரம் அடி துளைத்தும் புகை மட்டுமே வரும் நிலங்கள் உண்டு.

கிழங்கு வந்த வழி

மரவள்ளி தென்னமெரிக்காவின் பயிர். போர்த்துகீசியர் வழியாக இந்தியா வந்தது. திருவிதாங்கூரில் 1880–85 காலத்தில் ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் பயிரிடலை ஊக்குவித்தார். அங்கே அது ஏழைகளின் உணவு. சேலம் பகுதியில் அது ஆலைக்கான பயிரானதற்கு உலகப் போரே காரணம். போரால் மலேயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்றது. கருவாட்டு வணிகத்திற்காகக் கேரளம் சென்றுவந்த சேலம் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து திரும்பிச் சவ்வரிசி செய்யும் முறை அறிந்திருந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, 1943-இல் எளிய கருவிகளைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கினார். 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-இல் சேலம் சவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. மகாராட்டிரம் முதலிய மாநிலங்களில் நோன்பு நாட்களில் உண்ணப்படும் சவ்வரிசியில் பெரும்பங்கு இங்கிருந்தே செல்கிறது.

உள்ளூரில் குச்சிக்கிழங்கு என வழங்கும் இப்பயிர், காற்று உலர்ந்தால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். வறட்சி நீடித்தால் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். மழை வந்ததும் கிழங்கில் சேர்த்த மாவைச் செலவிட்டு மீண்டும் தழைக்கும். நட்ட முதல் மூன்று மாதங்களுக்கு ஈரம் இருந்தால் போதும். பிறகு பெரும்பாலும் தானே சமாளிக்கும். ஊடுபயிராகச் சின்ன வெங்காயமும் போடலாம். ஆனால் தழைக்கச் செலவான மாவு கிழங்கில் குறைகிறது. ஆலையில் விலை, கிழங்கின் எடையோடு மாவுச்சத்தின் 'பாயிண்ட்' அளவையும் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. செடி பிழைத்தாலும் உழவருக்கு நட்டம் வருவது இவ்விடத்தில்தான்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. சேலத்தின் கிழக்குப் பகுதியில் பாக்கு, தென்னந்தோப்புகள் காய்ந்தன. பாக்கு மரம் காய்க்க ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகும். அது பட்டுப்போனால் அத்தனை ஆண்டுகளும் வீண். குச்சிக்கிழங்கோ பத்து மாதப் பயிர். தோப்பு இழந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கியது. சொட்டுநீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு உழவர்களுக்கு அரசு முழு மானியம் தந்ததும் உதவியது.

மாவுப்பூச்சி

மரவள்ளி மாவுப்பூச்சியும் தென்னமெரிக்காவைச் சேர்ந்ததே. கேரளத்தில் 2020-இல் கண்டறியப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் வயல்களிலும் தென்பட்டது. இதில் ஆண் கிடையாது. பெண் பூச்சிகள் இணைசேராமலே முட்டையிடும். நுனிக்குருத்தைச் சாறு உறிஞ்சிச் சுருட்டிவிடும். கனமழை பெய்தால் பூச்சிகள் அடித்துச் செல்லப்படும். வெயிலும் மழையற்ற நாட்களும் நீண்டால் பெருகும். வறட்சியை எதிர்கொண்டு இலைகளைக் குறைத்து நிற்கும் செடியிலிருந்தே இது சாற்றை எடுப்பதால் செடிக்கு மீளும் வலு இல்லாமல் போகிறது.

இதற்கு மாற்று ஆப்பிரிக்காவில் முன்பே கண்டறியப்பட்டிருந்தது. 1970-களில் அங்கு பரவிய இப்பூச்சியால் மரவள்ளியை உண்டு வாழ்ந்த பல கோடி மக்களின் உணவு ஆபத்துக்குள்ளானது. அதன் இயற்கை எதிரி 1981-இல் பராகுவேயில் கிடைத்தது. அனாகைரஸ் லோபெசி என்னும் அச்சிறு குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, கூடாக்கிவிட்டு, குளவியாக வெளிவரும். அத்திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெர்ரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். தாய்லாந்தும் பின்னர் இதே குளவியைத் தருவித்தது. தமிழகத்திற்கும் இம்முறை புதிதன்று. 2008-இல் கோவையில் தோன்றி மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றையும் தாக்கிய பப்பாளி மாவுப்பூச்சி, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த வேறொரு குளவியால் அடங்கியது.

பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், பெனின் நாட்டிலிருந்து அனாகைரஸ் குளவியை வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில், வாழப்பாடிக்கு அருகிலுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது முதன்முதலாக வயலில் விடப்பட்டது.

பூச்சி கண்டால் மருந்தடிப்பதே பல்லாண்டுப் பழக்கம். மருந்து குளவியையும் கொன்றுவிடும் என்பதால் அப்பழக்கத்தை நிறுத்துவதே உழவருக்குக் கடினமான மாற்றம். குளவி பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சுருண்ட குருத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மற்றொரு வழியும் அடைக்கப்பட வேண்டும். மரவள்ளி விதையால் அல்லாமல் தண்டுக் கரணைகளால் நடப்படுகிறது. பூச்சியும் தேமல் நோயும் அக்கரணைகளோடு பயணிக்கின்றன. ஆகவே நலமான வயலில் கரணை எடுத்து, நடுமுன் அதைச் சோதிப்பதும், தாக்கப்பட்ட வயலின் குச்சிகளை அடுத்த ஊருக்கு அனுப்பாதிருப்பதும் இன்று இவ்வட்டார உழவர்களுக்குத் தரப்படும் முதல் அறிவுரைகளாக உள்ளன.