விட்டியர் சாலையில் தாழ்ந்து சென்ற கார்கள்

மோட்டார் கார் வைத்திருப்பவன் அதை இன்னும் விரைவாக ஓட்டவே ஆசைப்படுவான் என்று தொழிற்சாலைக்காரர்களும் விளம்பரம் எழுதுவோரும் ஒருமனதாக நம்பியிருந்த காலத்தில், அதாவது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கீழ்ப்புறத்தில் குடியிருந்த மெக்ஸிகோ வம்சத்து இளைஞர்கள், தங்கள் கார்களைத் தரையோடு தரையாக இறக்கி, நடந்து போகிறவனும் கூடவே பேசிக்கொண்டு வரும்படியான நிதானத்தில் செலுத்தி, அதையே ஓர் அலங்காரமாகவும் கௌரவமாகவும் கொண்டாடத் தலைப்பட்டார்கள். அதே பிரதேசத்து வெள்ளைக்கார வாலிபர்களோ பழைய ஃபோர்டு வண்டிகளின் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினுக்கு வலுவேற்றி, வறண்டு கிடந்த ஏரிப்படுகைகளில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மெக்ஸிகோவின் சிற்றூர்களில் மாலை வேளையில் ஆணும் பெண்ணும் நல்ல உடை உடுத்தி ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற பஸேயோ என்ற பழைய வழக்கம், வடக்கே குடியேறியவர்களிடம் சக்கரம் பூட்டிக்கொண்டு விட்டியர் புலவார்ட் என்னும் பெருஞ்சாலைக்கு வந்து சேர்ந்தது என்று சொல்வது பொருந்தும். பார்ப்பதும் பார்க்கப்படுவதும் நோக்கமாக இருக்கையில் வேகம் எதற்கு?

இந்த இளைஞர்களுக்குப் புதிய கார் எட்டாத சரக்கு. யுத்தத்துக்குச் சென்று திரும்பியவர்கள் கையில் சேமிப்பாகச் சிறிது பணமும், ராணுவப் பட்டறைகளிலும் விமானத் தொழிற்சாலைகளிலும் பழகிய யந்திர ஞானமும் இருந்தன. அந்த இரண்டையும் கொண்டு, பத்து வயது கடந்துவிட்ட ஷெவர்லே வண்டியை வாங்கி, தம் வீட்டு முற்றத்திலேயே அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பின்னாளில் லோரைடர் என்ற பெயரில் உலகமெங்கும் அறியப்பட்ட வழக்கம் இப்படிச் சிக்கனத்தின் வயிற்றில் பிறந்ததே. இன்று கண்காட்சிகளில் பொன்முலாம் பூசிய அச்சுகளோடு நிற்கும் வண்டிகளைப் பார்ப்பவர்கள் இந்தப் பூர்வோத்தரத்தை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

அவர்கள் கைவைத்தது காரின் ஸ்பிரிங்கில். ஆகையால் அதன் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1804-ஆம் வருஷம் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர், நீள எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்துக் குதிரை வண்டிகளுக்குப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர்ப் பண்ணையார்களின் வில்வண்டிகளைத் தாங்கியதும் இவ்வகை வில்லே. அடுக்கிய பட்டைகளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: வண்டி பள்ளத்தில் இறங்கி எழும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உராய்கின்றன, அந்த உராய்வு துள்ளலை ஓரளவு விழுங்கிவிடுகிறது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வண்டி, தொழிற்சாலையிலிருந்து, துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் எதுவுமின்றியே வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றதற்கு, அக்காலத்து வேகக் குறைவோடு பட்டைகளின் இந்த உராய்வும் ஒரு காரணம்.

வேகம் கூடியபோது அந்த உராய்வு போதவில்லை. பிரான்ஸில் ட்ருஃபோ என்ற சைக்கிள் பந்தயக்காரர் இரண்டு புயங்களுக்கிடையே உராயும் வட்டுகளை வைத்து ஒரு கருவி செய்தார். எட்வர்ட் ஹார்ட்ஃபர்ட் என்பவர் அதன் உரிமையைப் பெற்று அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். பிறகு எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே நெருக்கித் தள்ளி, அந்த எதிர்ப்பால் துள்ளலை அடக்கும் ஹூடாய் கருவி வந்தது. ஃபோர்டின் அடுத்த வண்டியான மாடல் ஏ அதைப் பூட்டிக்கொண்டுதான் விற்பனைக்கு வந்தது. 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் கார்களின் முன்சக்கரங்களைத் தனித்தனியே இயங்கச் செய்து அவற்றுக்குச் சுருள் ஸ்பிரிங் வைத்தபோது நிலைமை அடியோடு மாறிவிட்டது. ஏனெனில் சுருளில் பட்டையும் இல்லை, உராய்வும் இல்லை. ஒரு தடவை அழுத்தி விட்டால் தன்போக்கில் நெடுநேரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் சுருளுக்கு ஷாக் அப்சார்பர் இன்றியமையாத துணையாயிற்று. சுருள் வண்டியைச் சுமக்கிறது, ஷாக் சுருளை அடக்குகிறது. ஒன்றின் அளவை மாற்றுகிறவன் மற்றதன் அளவையும் மாற்றக் கடமைப்பட்டவன். கீழ்ப்புறத்து இளைஞர்களின் கைவேலை முழுவதும் இந்தக் கடமையை எவ்வளவு தூரம் ஒத்திப்போடலாம் என்ற பரீட்சையாகவே நடந்தது.

வண்டியை இறக்குவதற்கு அவர்கள் கண்ட யுக்திகளில் மிக மலிவானது, பின்பெட்டியில் மணல் மூட்டையோ சிமெண்டு மூட்டையோ போடுவது. மாலையில் மூட்டையை ஏற்றி, உலா முடிந்ததும் இறக்கிவிட்டால், காலையில் வேலைக்குப் போக வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும். ஸ்பிரிங்குக்குப் பழுதில்லை என்பது இதன் பெருமை. அதிகப்படியான பாரத்தைப் பழைய ஷாக் அடக்கமாட்டாமல் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தொட்டிலாடும் என்பது சிறுமை. பின்னச்சில் பட்டை வில் உள்ள வண்டிகளுக்கு வேறொரு வழி இருந்தது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குலக் கட்டை ஒன்றைச் செருகி, நீளமான யு போல்ட்டுகளால் இறுக்கிவிட்டால், வில்லின் குணம் மாறாமலே வண்டி தாழும். என் அபிப்பிராயத்தில் அக்காலத்து உபாயங்களில் அறிவுக்கு மிகவும் இசைந்தது இதுவே. ஆனாலும் முன்பக்கத்துச் சுருளுக்கு இது பயன்படாது.

அங்கேதான் தீயும் ரம்பமும் புகுந்தன. அவசரக்காரன் சுருளைக் கழற்றக்கூடச் செய்யாமல், வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, கேஸ் வெல்டிங் தீயைச் சுருளின் ஒரு வளையத்தில் காட்டுவான். எஃகு சிவந்து இளகியதும், மேலே உள்ள பாரத்தால் வண்டி பெருமூச்சு விடுவதுபோல் மெல்ல இறங்கும். வேண்டிய மட்டும் இறங்கியதும் தீயை விலக்கிக்கொள்வான். வேலை சில நிமிஷங்களில் முடிந்துவிடும், செலவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் தொழிற்சாலையில் காய்ச்சிக் குளிர்வித்துப் போட்ட பதம் தீ பட்ட இடத்தில் கெட்டுப்போகிறது. பதம் கெட்ட எஃகு நாளடைவில் தானாகவே இன்னும் தொய்யும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தொய்யும் என்ற உறுதியும் கிடையாது. மாதங்கள் கழித்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதற்கு இதுவே காரணம்.

நிதானமுள்ளவன் சுருளைக் கழற்றி ஒரு வளையத்தை ரம்பத்தால் அறுத்தான். இதில் பதம் கெடுவதில்லை. இருந்தும் ஒரு நுட்பம் உண்டு: சுருளின் விறைப்பு, அதிலுள்ள சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவது. எட்டுச் சுற்றுகள் இயங்கும் சுருளில் ஒன்றை அறுத்தால் விறைப்பு சுமார் 14 சதவீதமும், இரண்டை அறுத்தால் 33 சதவீதமும் கூடும். குறுகிப்போன சுருளுக்கு மடங்க இடம் குறைவு. ஆகையால் இந்த விறைப்பு ஒருவகையில் அவனுக்கு உபகாரமே. ஆனால் அந்த விறைத்த சுருளை அடக்கவேண்டிய ஷாக், பழைய சுருளுக்காக அளந்து செய்த அதே பழைய ஷாக். அதன் தண்டு நடுவாக நிற்கவேண்டியிருக்க, இப்போது ஏறக்குறைய அடிவரை அமுங்கிய நிலையிலேயே நிற்கிறது. சிறு பள்ளம் வந்தாலும் அடியில் போய் முட்டுகிறது. நாளடைவில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிகிறது. எண்ணெய் போன ஷாக் வெறும் இரும்புக் குழாய்தான். தாழ்ந்த காரை மெதுவாக ஓட்டுவது ரஸனையின்பாற்பட்டது என்று நான் முதலில் சொன்னேன். அதில் பாதியேனும் நிர்ப்பந்தத்தின்பாற்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நேர்மை.

இதற்கிடையில் சட்டம் குறுக்கிட்டது. காரை மாற்றியமைக்கும்போது சக்கரங்களைத் தவிர அதன் எந்தப் பகுதியும், ரிம்மின் கீழ்விளிம்பைவிடத் தரைக்கு நெருங்கி நிற்கலாகாது என்று 1958 முதல் கலிபோர்னியாவில் ஒரு விதி அமலுக்கு வந்தது. டயர் வெடித்துக் காற்றுப் போய்விட்டாலும் வண்டியின் வயிறு சாலையில் உரசக்கூடாது என்ற நியாயம் அதில் இல்லாமலில்லை. ஆனால் தெருவில் அந்த விதியை வைத்துக்கொண்டு யாரை நிறுத்தினார்கள், யாரை விட்டார்கள் என்று பார்த்தால், நியாயத்தோடு வேறொன்றும் கலந்திருந்தது தெரியவரும். 1943-இல் இதே நகரத்தில் தொளதொளத்த ஸூட் அணிந்த மெக்ஸிகோ வம்சத்து வாலிபர்களைக் கடற்படைச் சிப்பாய்கள் தெருத்தெருவாக அடித்து உடையை உரித்தபோது, போலீஸார் அடிபட்டவர்களையே பிடித்து அடைத்தார்கள். அந்த ஞாபகம் ஆறுவதற்குள் வந்தது இந்த விதி.

சட்டம் வந்தது, உடனே அதற்கு ஒரு மாற்றும் வந்தது. ரான் அகிரே என்பவர் 1959 வாக்கில், யுத்தம் முடிந்தபின் கழிவாக விற்பனைக்கு வந்த விமான ஹைட்ராலிக் பம்புகளை வாங்கித் தம் கார்வெட் காரில் பொருத்தினார். இந்த வித்தையின் முன்னோடி அவரே என்று பரவலாகச் சொல்லுகிறார்கள். விமானத்தின் சக்கரங்களை மடக்கவும் நீட்டவும் ஏற்பட்ட எண்ணெய் அழுத்தம், இப்போது காரைத் தூக்கவும் இறக்கவும் பயன்பட்டது. பின்பெட்டியில் பம்பும் பாட்டரிகளும், ஸ்பிரிங்குகளின் தலைமாட்டில் எண்ணெய் உருளைகளும், ஓட்டுபவன் கைக்கெட்டும் இடத்தில் ஒரு ஸ்விட்சும் இருந்தால் போதும்: போலீஸ் வண்டி கண்ணில் பட்டதும் கார் எழுந்து சட்டபூர்வமான உயரத்தில் நிற்கும், அது கடந்து போனதும் மறுபடி தரையைத் தழுவும். அந்த விதி பிறந்த 1958-ஆம் வருஷத்து ஷெவர்லே இம்பாலாவே இதற்கு மிகவும் தோதாக அமைந்தது. அதன் நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங். சேஸியோ எக்ஸ் வடிவத்தில் நடுவே குறுகியிருந்ததால், வண்டியின் இரு ஓரங்களிலும் தரையில் இடிக்கும்படியான உத்தரங்கள் இல்லை.

ஹைட்ராலிக் வித்தையைப் பலர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அதன் கணக்கைப் புரட்டியவர்கள் குறைவு. பம்பு, வால்வு, குழாய்கள், பாட்டரி வரிசை, பாரம் தாங்காமல் விரிசல் விடும் சேஸிக்கு வெல்டிங் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். உருளை வந்து உட்கார்ந்த இடத்தில் ஷாக் அப்சார்பருக்கு இடமில்லாமல் அதைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு. பணம் செலவழித்தவர்களின் வண்டிகளும் துள்ளத்தான் செய்தன. நாளடைவில் அந்தத் துள்ளலே ஒரு போட்டியாகி, முன்சக்கரம் எத்தனை அங்குலம் எழும்புகிறது என்று அளந்து பரிசு கொடுக்கும் நிலை வந்தது. ஷாக் அப்சார்பரைக் கண்டுபிடித்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

1970களில் இந்த வழக்கம் தன் உச்சத்தை அடைந்தது. 1964-ஆம் வருஷத்து இம்பாலா ஒன்றை ஜெஸ்ஸி வாலடெஸ் என்பவர் இளஞ்சிவப்பு வர்ணம் தீட்டி, மேலெல்லாம் ரோஜாப் பூக்கள் வரைவித்து, ஜிப்ஸி ரோஸ் என்று பெயரிட்டு விட்டியர் சாலையில் ஓட்டினார். ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பில் தோன்றி அது தேசமெங்கும் பெயர் பெற்றது. 1977-இல் ஸான் ஹோஸே நகரத்திலிருந்து லோரைடர் என்ற பத்திரிகை புறப்பட்டது. கூட்டம் பெருகவே எதிர்ப்பும் பெருகியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வார இறுதி இரவுகளில் போலீஸார் விட்டியர் சாலையை அடைக்கத் தொடங்கினார்கள். 1980களில், மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருவதையே தடைசெய்யும் அதிகாரத்தை மாகாணம் நகரசபைகளுக்கு வழங்கியது.

பட்டறைகளில் கைவேலையாக நடந்ததை ஐரோப்பியக் கம்பெனிகள் கணக்குப் போட்டுச் சரக்காக்கி விற்றதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 1857-இல் குதிரைச் சேணம் தைக்கும் கடையாகத் தொடங்கிய ஹாலந்து நாட்டுக் கோனி நிறுவனம், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷாக்குகளைச் செய்தது. தண்டை அடிவரை அமுக்கித் திருகினால், தேய்ந்த ஷாக்கும் சற்று இறுகிப் பின்னும் சில காலம் உழைக்கும். ஜெர்மனியின் ஐபாக், ஹெச் அண்டு ஆர் முதலிய நிறுவனங்கள், குறைந்த உயரமும் அதற்கேற்ற விறைப்பும் கொண்ட ஸ்பிரிங்குகளை அளந்து சுற்றி விற்றன. ஓர் அங்குலத்தை ஒட்டி இறக்குவதானால் நல்ல நிலையிலுள்ள பழைய ஷாக்கே ஈடுகொடுக்கும், அதற்கு மேல் இறக்கினால் தண்டு குட்டையான ஷாக் வாங்கியே தீரவேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு. கையில் காசு குறைந்தவன் முதலில் ஸ்பிரிங்கை வாங்கி ஷாக்கை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைப்பதும், அடுத்த வருஷம் வருவதற்குள் பழைய ஷாக் செத்துப்போவதும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். இரண்டையும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கும் வழக்கம் இந்தத் தொல்லையைக் கண்டே ஏற்பட்டிருக்கும்.

2017-இல் ஜிப்ஸி ரோஸ் கார் வாஷிங்டனில் அமெரிக்கப் பாராளுமன்றத்துக்கு எதிரேயுள்ள மைதானத்தில் கண்ணாடிப் பேழைக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதற்குப் பின்னும் கலிபோர்னியாச் சட்டம் சில வருஷம் மாறாமலே இருந்தது. 2023 அக்டோபரில் கையெழுத்தாகி 2024 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஒரு மசோதா, உலாவைத் தடுக்கும் நகரசபைகளின் அதிகாரத்தையும், ரிம்மின் விளிம்பை எல்லையாக வைத்த பழைய விதியையும் ஒருங்கே நீக்கியது. பத்திரிகைகள் அதை ஹைட்ராலிக் கார்களின் வெற்றியாகக் கொண்டாடின. எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. ஸ்விட்சைத் தட்டி எழும்பக்கூடியவனை அந்த விதி ஒருநாளும் அதிகமாகத் தொந்தரவு செய்ததில்லை. பம்பு வாங்க வசதியின்றி, சுருளை அறுத்தோ கட்டையைச் செருகியோ வண்டியை ஒரே உயரத்தில் நிரந்தரமாக இறக்கிவைத்தவனே அறுபத்தைந்து வருஷங்களாக அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டிருந்தவன். சட்டம் நீங்கியதால் பயனடைந்தவனும் அவன்தான். ஷாக்கை மாற்றவேண்டிய செலவு மட்டும் இன்னும் அவன் தலையிலேயே இருக்கிறது.