கோடைகாலச் சிலந்திக்கடி

வெயில் காலத்தில் தோலில் திடீரென எழும் தடிப்பையோ வீக்கத்தையோ கொப்புளத்தையோ எட்டுக்கால் பூச்சியின் கடி என்று சந்தேகிக்கும் நிலை. கடித்த பூச்சியைக் கண்ணால் பார்த்தாலன்றி இதை உறுதிசெய்வது கடினம்.

சூழல்
இந்தச் சந்தேகம் எளிதில் எழும் கடலோர இடங்களுக்குச் சென்னையின் கொட்டிவாக்கம் ஓர் எடுத்துக்காட்டு; அது திருவான்மியூருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதி. சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. கடலோரப் புழுக்கத்தில் வேர்க்குருவும் வேனல் கட்டியும் எளிதில் வரும். சொறியும்போது நகக்கீறல் வழியே கிருமி புகுந்து சீழ் பிடிக்கும்.

சிலந்திகள்
உலகில் 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பதிவாகியுள்ளன. மனிதருக்குக் கடும் தீங்கு செய்பவை மிகச் சில. வீட்டுச் சுவரில் காணும் பெரிய, தட்டையான வேட்டைச் சிலந்தி நசுக்கப்பட்டால் கடிக்கலாம். வலியும் வீக்கமும் பெரும்பாலும் தானே தணியும். மரப்பொந்தில் வாழும் பொய்சிலோதீரியா பேரினச் சிலந்திகள் கடித்தால் தசைப்பிடிப்பு வரலாம். இப்பேரினத்தைச் சேர்ந்த ஓரினம் ராமேஸ்வரத்திலிருந்து 2004இல் விவரிக்கப்பட்டது.

குழப்பம் தருபவை
- வேனல் கட்டி: சிவந்து, சூடாகி, சீழ் கோக்கும்.
- அக்கி: உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலுடன் பட்டையாகக் கொப்புளம் வரும்.
- பேடெரஸ் வண்டு: விளக்கொளிக்கு வரும் இச்சிறு வண்டைத் தோலில் நசுக்கினால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ கோடாகத் தீப்புண் போல எழும்.
- ஸ்க்ரப் டைபஸ்: காய்ச்சலுடன், சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு காணப்படும்.
- தேள்கொட்டு: கடும் வலியுடன் வியர்வை, வாந்தி, படபடப்பு வரலாம்.
- கட்டுவிரியன் கடி: இப்பாம்பு தரையில் பாய் விரித்து உறங்குவோரை இரவில் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. ஊசி குத்திய தடம்கூடத் தெரியாமல் போகலாம். பின்னர் வயிற்று வலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் தொடரும்.

முதலுதவி
சோப்பும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் ஒற்றியெடுக்க வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றிவிட வேண்டும். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் வரைந்து நேரத்தைக் குறித்தால், அது பரவுவது தெரியும். கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது கூடாது. வியர்வை தேங்காதபடி மெல்லிய துணியால் மூடி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மருத்துவமனை
சிவப்பு, பேனாவால் வரைந்த கோட்டைத் தாண்டினாலோ, சீழ், காய்ச்சல், புண் கருத்தல் கண்டாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம், இமை தொங்குதல் இருந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாம்புக்கடிக்கு முறிமருந்து உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட, அதற்கான நஞ்சை எடுத்துத் தரும் பாம்புபிடி இருளர் கூட்டுறவுச் சங்கம் இதே கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இயங்குகிறது. ஆகவே கடித்தது எது என்று தேடி நேரத்தைக் கடத்தாமல், பாம்புக்கடி எனச் சந்தேகம் எழுந்ததுமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.